லேண்ட் க்ரூஸரா, லெக்ஸஸா? மணலில் இறங்கப் போகிறவர்களின் கேள்விகள்

அக்டோபர் பிறந்து வெயில் கொஞ்சம் இறங்கியதும் எமிரேட்ஸில் இருக்கும் நம் ஆட்களுக்கு மணல் ஞாபகம் வந்துவிடும். கூடவே எனக்குக் கேள்விகளும் வர ஆரம்பிக்கும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 300 வாங்கலாமா, அதே கம்பெனியின் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எக்ஸ் 600 வாங்கலாமா? நான் வண்டி விற்கிற ஆள் இல்லை. பல வருஷமாக மணலில் ஓட்டியும் சிக்கியும் பழகியவன், அவ்வளவுதான். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (அபுதாபி): அண்ணா, ரெண்டும் ஒரே வண்டிதான், பேட்ஜ் மட்டும்தான் வேற என்கிறார்கள். உண்மையா?

முக்கால்வாசி உண்மை. இரண்டும் 2021-இல் அறிமுகமானவை. அடியில் இருப்பது ஜிஏ-எஃப் என்ற ஒரே சேஸிஸ். 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 பெட்ரோல் இன்ஜின், 650 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை), பத்து கியர் ஆட்டோமேட்டிக் எல்லாம் பொது. வீல்பேஸ்கூட, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்கூட, இரண்டுக்கும் 2850 மில்லிமீட்டர்தான்.

வம்பு மீதி கால்வாசியில் இருக்கிறது. க்ரூஸரின் நீளம் 4985 மில்லிமீட்டர், எல்எக்ஸின் நீளம் 5100. சக்கரங்களுக்கு நடுவே தூரம் மாறவில்லை என்றால் அந்த 115 மில்லிமீட்டர் எங்கே போயிருக்கும்? சக்கரத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கும். மணல்மேட்டிலிருந்து இறங்கிக் குழியின் அடியைத் தொடும் அந்த ஒரு நொடியைப் பாருங்கள். மணலில் முதலில் படவேண்டியது டயர். க்ரூஸரின் முன்பக்கம், 32 டிகிரி வரை சரிவுள்ள மேட்டில் பம்பர் இடிக்காமல் ஏறும்படி வெட்டி உயர்த்தப்பட்டிருக்கிறது. எல்எக்ஸில் அந்தப் பெரிய கிரில்லுக்குக் கீழே இருக்கும் உதடு தாழ்வாக இருப்பதால், அதே குழியில் அது கரண்டி மாதிரி மணலை அள்ளும். ஒருமுறை அள்ளினால் ஒன்றும் ஆகாது. ஒரு சீசன் முழுக்க அள்ளினால் பம்பரைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடைபெறும்.

கேள்வி (ஷார்ஜா): ஆனால் எல்எக்ஸில் பட்டனைத் தட்டினால் வண்டியே உயருமே பாய்? அப்போ அதுதானே மேல்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. நின்று நிதானமாகப் பார்ப்போம்.

ஏஹெச்சி என்று சொல்லும் அந்த சஸ்பென்ஷன் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. வாதியில் (காய்ந்த ஆற்றுப்படுகையில்) பெரிய கல்லைத் தாண்டும்போது, தண்ணீரில் இறங்கும்போது, மெதுவாக ஊர்ந்து போகும்போது அது வரம். க்ரூஸரில் வெறும் காயில் ஸ்பிரிங்தான், இருக்கும் உயரம்தான் உயரம்.

மணலில் கதை வேறு. மணலில் நமக்கு வேகம் வேண்டும். ஏஹெச்சியோ வேகம் கூடினால் தானாகவே வண்டியை இறக்கிவிடும். அப்புறம் இன்னொன்று, இதை ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள். வண்டியை முழு உயரத்துக்குத் தூக்கினால் சக்கரம் ஏற்கெனவே கீழே தொங்கிக்கொண்டு இருக்கும். பள்ளம் வரும்போது அது மேலும் இறங்க இடம் இருக்காது. சவாரி விறைத்துப் போகும், ஒரு சக்கரம் சீக்கிரமே அந்தரத்தில் நிற்கும். அதனால் மணலில் எல்எக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாதாரண உயரத்தில் ஓட்டுங்கள், சிக்கிக்கொண்டால் மட்டும் உயர்த்துங்கள். வயிறு மணலில் உட்கார்ந்த வண்டியை உயர்த்திவிட்டு மண்வெட்டியை எடுத்தால் பாதி வேலை மிச்சம். அந்த நேரத்தில் க்ரூஸர்காரர் உங்களைப் பொறாமையோடுதான் பார்ப்பார்.

கேள்வி (துபாய்): 22 இஞ்ச் வீல் ரொம்ப அழகாக இருக்கிறது. அதோடு டெசர்ட் போகலாமா?

போகலாம். எப்படித் திரும்பி வருவீர்கள் என்பதுதான் கேள்வி.

கணக்கு போட்டுப் பாருங்கள். 22 இஞ்ச் ரிம்முக்கு வரும் டயர் 265/50. அதாவது டயரின் பக்கச் சுவர் 265-இல் பாதி, சுமார் 132 மில்லிமீட்டர். 18 இஞ்ச் ரிம்மில் 265/65 போட்டால் அதே சுவர் 172 மில்லிமீட்டர். மணலில் காற்றை இறக்குவதே இந்தச் சுவர் பிதுங்கி, டயர் ஒட்டகத்தின் பாதம் மாதிரி நீளமாகப் படியட்டும் என்பதற்காகத்தான். பிதுங்க ரப்பரே இல்லாத டயரில் காற்றை இறக்கி என்ன பயன்? 18 இஞ்ச் டயரில் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ வைத்து நிம்மதியாக ஓட்டுவேன், பஞ்சு மணல் என்றால் 12 வரை போவேன். 22 இஞ்சில் 18-க்குக் கீழே போக எனக்கு மனசு வராது.

ஒருமுறை பதாயர் மணல்மேடுகள் பக்கம் நண்பர் ஒருவரின் வண்டியை நான் ஓட்டினேன். மெல்லிய டயர், 14 பிஎஸ்ஐ. மேட்டின் சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி கீழே வழுக்க, பதற்றத்தில் ஸ்டீயரிங்கை மேல் பக்கம் வெடுக்கென்று ஒடித்தேன். முழுக்க என் தப்பு. 'டப்' என்று ஒரு சத்தம், முன் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிட்டது. ஜாக்கை வைத்தால் ஜாக் மணலுக்குள் போகிறது. வண்டியில் கிடந்த பலகையை அடியில் போட்டுத் தூக்கினோம். டயரின் விளிம்பில் ஒட்டியிருந்த மணலைப் பழைய பனியன் துணியால் துடைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கழுவி, கம்ப்ரஸரைப் போட்டோம். 'டொக் டொக்' என்று இரண்டு தரம் சத்தம் கேட்டு டயர் ரிம்மில் உட்கார்ந்தபோது மணி இரண்டாகிவிட்டது. கொண்டுபோன பிரியாணி வெயிலில் மறுபடி வெந்திருந்தது.

எல்எக்ஸ்தான் வேண்டும் என்றால் 18 இஞ்ச் ரிம் ஒரு செட் தனியாக வாங்கிவிடுங்கள்.

கேள்வி (மஸ்கட்): நாங்கள் மணலுக்கு அதிகம் போவதில்லை, மலைதான். க்ரூஸரின் ஜிஆர் ஸ்போர்ட் ரகத்தில் முன் பின் லாக்கர் வருகிறதே, தேவைப்படுமா?

ஓமனில் இருப்பவர் கேட்டால் பதில் மாறும். லாக்கர் என்பது ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டி ஒன்றாகச் சுழல வைப்பது. வாதி பனி அவ்ஃப் மலைப்பாதை மாதிரி இடத்தில், ஒரு சக்கரம் பாறை மேலும் ஒன்று காற்றிலும் நிற்கும்போது, லாக்கர் போட்டால் வண்டி மாடு மாதிரி அமைதியாக ஏறிப் போகும். ஜிஆர் ஸ்போர்ட்டில் இ-கேடிஎஸ்எஸ்ஸும் உண்டு. அது ஆன்ட்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை) வேண்டிய நேரத்தில் தளர்த்திச் சக்கரங்களை நன்றாக இறங்க விடும். மலைக்கு என் ஓட்டு அதற்குத்தான். எல்எக்ஸிலும் லாக்கர், 18 இஞ்ச் வீலோடு ஓவர்ட்ரெயில் என்று ஒரு ரகம் இருக்கிறது. அது கிடைத்தால் நான் மேலே சொன்ன குறைகளில் பாதியை அடித்துவிடுங்கள்.

மணலுக்கு மட்டும் என்றால் லாக்கருக்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். முன் பின் அச்சுகளைச் சேர்த்துப் பூட்டும் நடு டிஃபரன்ஷியல் லாக் இரண்டிலும் இருக்கிறது, அது போதும்.

கேள்வி (அல் ஐன்): அண்ணா, வீட்டுக்காரர் எல்எக்ஸ் எடுத்துவிட்டார். வாரம் ஒருநாள் நானும் ஓட்டப் போகிறேன். எந்த பட்டனை எப்போது அழுத்துவது என்றே புரியவில்லை.

பட்டன் நிறைய இருக்கும், தங்கச்சி, பயப்படாதீர்கள். மணலில் இறங்கும் முன் நான்கு டயரிலும் காற்றை இறக்குங்கள். நடு லாக்கைப் போடுங்கள். அப்புறம் வண்டி நிற்கும்போதே விஎஸ்சி (வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு) பட்டனை மூன்று நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் மேட்டின் பாதியில் கம்ப்யூட்டர் சக்கரம் வழுக்குவதைப் பார்த்து இன்ஜினை அமுக்கிவிடும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி நிற்கும். கியரை மேனுவலில் வைத்து இரண்டு, மூன்றுக்குள் ஓட்டுங்கள். சிக்கினால் முடுக்காதீர்கள், முடுக்கினால் வண்டி தன் குழியைத் தானே தோண்டும். 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) போட்டு, வண்டியைத் தானாக ஊர்ந்து போக வைக்கும் க்ரால் கன்ட்ரோலை முயன்று பாருங்கள். ஏதோ உடைகிற மாதிரி கரகரவென்று சத்தம் வரும், அது பிரேக்கின் சத்தம்தான்.

கேள்வி (அஜ்மான்): புதுசுக்கு வசதி இல்லை. பழைய எல்எக்ஸ் 570, க்ரூஸர் 200, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகிறது. எது எடுக்க?

மனசைத் தொட்டுச் சொன்னால், இந்த 5.7 லிட்டர் வி8 இன்ஜினுக்கு மணலில் இன்றைக்கும் ஈடு இல்லை. டர்போ மூச்சு வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம், மிதித்த உடனே வரும். பெட்ரோலும் அதே வேகத்தில் போகும், அது வேறு விஷயம். இரண்டு வண்டியிலும் அந்த இன்ஜின் உண்டு. க்ரூஸரில் சின்ன இன்ஜின்களும் வந்தன, பேப்பரைப் பார்த்து வாங்குங்கள்.

வயதான எல்எக்ஸில் பயம் ஏஹெச்சிதான். அதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நைட்ரஜன் அடைத்த உருண்டை ஒன்று உண்டு. வருஷம் போகப் போக வாயு இறங்கி, வண்டி மரக்கட்டை மாதிரி குதிக்க ஆரம்பிக்கும். பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள். வண்டி முழுக்கத் தாழ்ந்திருக்கும்போது எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது, முழுக்க உயர்த்தினால் எங்கே இறங்குகிறது என்று எண்ணுங்கள். நல்ல வித்தியாசம் இருந்தால் உருண்டைகளுக்கு உயிர் இருக்கிறது. எண்ணெய் கொஞ்சம்தான் இறங்குகிறது என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். விற்பவர் 'உயர்த்த வேண்டாம், எதுக்கு' என்று இழுத்தால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மொத்தத்தில் பழையது என்றால் எனக்குக் க்ரூஸர்.

கேள்வி (ராஸ் அல் கைமா): ஊருக்குத் திரும்பும்போது இந்த வண்டியை எடுத்துப் போக முடியுமா சார்?

முடியாது. இங்கே ஓடுவது இடது பக்க ஸ்டீயரிங், அதை இந்தியாவில் பதிவு செய்ய விடமாட்டார்கள். ஊரிலேயே இரண்டும் விற்கின்றன, 3.3 லிட்டர் டீசலில். எல்எக்ஸ் 500டி 2022 டிசம்பரில் 2.82 கோடிக்கும், க்ரூஸர் 300 அடுத்த மாதம் 2.10 கோடிக்கும் வந்தன. எக்ஸ்ஷோரூம் விலை அது. அந்தக் காசில் ஒரு தோப்பும் ஜிம்னியும் வாங்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.

கேள்வி (ஷார்ஜா): கடைசியாக, நீங்கள் எதை ஓட்டுகிறீர்கள்? இந்த சனிக்கிழமை உங்களோடு வரலாமா?

க்ரூஸர்தான். 18 இஞ்ச் வீல், பக்கவாட்டுப் படியைக் கழற்றிவிட்டேன், மேட்டின் உச்சியில் முதலில் நசுங்குவது அதுதான். எல்எக்ஸ் ஓட்டத் தெரியாமல் இல்லை. அந்த விலைக்கு வாங்கிவிட்டு அதன் பம்பரில் மணல் படும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், அது என் பிரச்சினை.

தாராளமாக வாருங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் ஆஃப்ரோட் கவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலருடையதில் இருக்காது. ஒரு மண்வெட்டி, ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், ஜாக்குக்கு அடியில் போட ஒரு பலகை. காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் பங்கில் நிற்போம், ஆறு பத்துக்குக் கிளம்பிவிடுவோம்.