மென்பொருள் சொன்ன வளைவும் வயர் கட் காட்டிய வளைவும்

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறேன். 316 எல் எஃகுப் பவுடரில் லேசர் 3டி பிரிண்டிங் தொடங்கியிருக்கிறோம். 0.3 மி.மீ. வளையும் என்றது சிமுலேஷன் மென்பொருள். கையில் வந்த மூடி 0.7 மி.மீ. வளைந்திருந்தது. மென்பொருளை நம்பலாமா?

பதில்: திட்டுவதற்கு முன், அந்த 0.3 எந்த நிலைக்கான கணக்கு என்று பாருங்கள். அச்சிடும் அடித்தட்டோடு ஒட்டியிருக்கும்போதா, அதிலிருந்து அறுத்த பிறகா? உருகி உறையும் உலோகம் சுருங்கப் பார்க்கும். தடித்த அடித்தட்டு விடாது. அந்த இறுக்கம் உள்ளேயே தங்கி, வயர் கட்டில் (மின்பொறி பாயும் மெல்லிய கம்பியால் வெட்டும் எந்திரம்) அறுத்ததும் வெளிப்படும். அறுக்கும் முன் உலையில் வைத்து இறுக்கம் தளர்த்தியிருந்தால் கணக்கு இன்னொன்று.

பெரும்பாலான மென்பொருள்கள் லேசர் போகும் ஒவ்வொரு கோட்டையும் கணக்கிடுவதில்லை. ஒரு திரிபு மதிப்பை (உலோகம் எவ்வளவு சுருங்கப் பார்க்கும் என்ற எண்) அடுக்கடுக்காக ஏற்றுகின்றன. நம் ஃபவுண்டரியில் பேட்டர்ன் செய்பவர் வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஒன்று சுருக்கம் விடுகிறாரே, அதற்குத் தம்பி முறை. லேசர் திறன், அடுக்குத் தடிமன், கோடு போடும் முறை, எது மாறினாலும் அந்த மதிப்பைப் புதிதாக எடுக்க வேண்டும். சீப்புப் பல் போலக் கால்கள் கொண்ட கான்டிலீவரை (ஒரு முனையில் மட்டும் பிடிப்புள்ள பட்டை) அச்சிட்டு, ஒரு முனையை விட்டு மற்றக் கால்களை அறுத்து, மறுமுனை எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜில் அளந்து எடுப்பது வழக்கம்.

விற்பனையாளர் அதே கான்டிலீவரைக் காட்டி, "பொருந்துகிறது பாருங்கள்" என்றால் மயங்காதீர்கள். விடையைக் கொடுத்துவிட்டு வைக்கும் தேர்வு அது. மென்பொருள் பார்த்திராத வடிவம் ஒன்றைக் கொடுங்கள். அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2018-இல் 75 மி.மீ. நீளத்தில் 12 கால் பாலம் ஒன்றை அச்சிட்டு அளந்தது. முடிவை வெளியிடும் முன்பே கணிப்புகளை வாங்கிக்கொண்டது. அந்த அளவுகள் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் அது 316 எல் அல்ல. கணக்கிடும் முறையைச் சோதிக்கத்தான் உதவும், உங்கள் அமைப்பைச் சோதிக்க உதவாது.

உங்கள் மூடியையே மூன்று அச்சிடுங்கள். அவற்றுக்குள்ளேயே 0.1 மி.மீ. வேறுபாடு இருந்தால், மென்பொருளிடம் அதைவிடத் துல்லியம் கேட்பது நியாயமில்லை. சி.எம்.எம்.மில் (புள்ளி புள்ளியாக அளக்கும் எந்திரம்) அளக்கும்போது, அளந்த வடிவத்தை வரைபடத்தோடு சராசரியாகப் பொருத்தும் 'பெஸ்ட் ஃபிட்' வேண்டாம். அது வளைவைப் பகிர்ந்து மறைத்துவிடும். சிதையாத ஒரு முகத்தை ஆதாரமாக வையுங்கள். மெஷ் அளவை (மென்பொருள் வடிவத்தைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களின் அளவு) பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை நகர்ந்தால் முதல் விடையும் நம்பத்தக்கதல்ல. (திரையில் தெரியும் வளைவு பல மடங்கு பெருக்கிக் காட்டப்பட்டிருக்கலாம், எண்ணைப் பாருங்கள், படத்தை அல்ல.)

வளைவின் திசையும் வடிவமும் சரியாக இருந்து, எங்கும் ஒரே விகிதத்தில் குறைவாகக் காட்டினால் திரிபு மதிப்பைத் திருத்தினால் போதும். எழும்பும் என்ற ஓரம் தாழ்ந்திருந்தால், சப்போர்ட்டையும் (அச்சிடும்போது தாங்கும் கால்கள்) அறுக்கும் வரிசையையும் சரியாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். அதுவரை வளைவைச் சரிக்கட்ட முன்கூட்டியே எதிர்வளைவு கொடுத்து அச்சிட வேண்டாம், பிழை இரட்டிப்பாகும்.