ஒன்பது பேரில் நாயகன் யார்?

கேள்வி: எங்கள் குழு ஒரு நாடகம் போடப்போகிறது. ஒன்பது பாத்திரங்கள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வசனம், எண்ணியும் பார்த்துவிட்டோம். இதில் நாயகன் யார் என்று ஒத்திகையில் தினமும் சண்டை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வசனத்தை எண்ணினீர்களா? நானும் எண்ணியவள்தான். நடிக்க வந்த புதிதில் பிரதி கைக்கு வந்ததும் என் வசனத்துக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, மொத்தக் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்னைவிட இரண்டு கூடுதல் என்றால் அன்றைக்கு எனக்கு ஒத்திகையே ஓடாது.

அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. கண்ணகியைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தின் முதல் பகுதியான புகார்க் காண்டத்தில் அவள் வாய் திறப்பதே அபூர்வம். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள் தோழி தேவந்தி. ‘பீடன்று’, அதாவது அது பெருமையல்ல, என்று சொல்லிவிட்டுக் கண்ணகி சும்மா இருந்துவிடுகிறாள். ஒரே சொல்தான். மதுரையில் அரசவைக்குள் நுழையப்போகிறவள் யார் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்க்காதீர்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசர் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியிலேயே குத்துப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். கடைசிவரை தனக்குள்ளேயே மல்லுக்கட்டுவது, அவரைக் குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸ்.

இன்னொரு வழியும் சொல்வார்கள். ஒருவரை நீக்கிவிட்டுக் கதையைச் சொல்லிப் பார், கதை நின்றுபோனால் அவர்தான் நாயகன் என்று. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘ஈடிபஸ்’ என்ற கிரேக்க நாடகத்தில், ஈடிபஸின் பிறப்பு ரகசியம் உடையக் காரணமாகும் சேதியைக் கொரிந்து நகரிலிருந்து கொண்டுவருகிறவனை நீக்கிப் பாருங்கள், கதை அங்கேயே படுத்துவிடும். அதற்காகத் தூதுவனை நாயகன் என்பீர்களா?

நான் பார்ப்பது இதைத்தான்: இப்படியா அப்படியா என்று முடிவெடுத்தே தீரவேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது யார்? எடுத்தாலும் எடுக்காமல் விட்டாலும் அது யார் தலையில் விடிகிறது?

ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ இதற்கு நல்ல பயிற்சி. வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கவலை. கடனில் மூழ்கிய சீமாட்டி ரனேவ்ஸ்கயா, தோட்டம் ஏலத்துக்கு வரப்போகிறது என்று தெரிந்தும் முடிவெடுக்காமல் நாளைக் கடத்துகிறார். லோபாஹின் அதே பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசு, இப்போது பணக்கார வியாபாரி. மூன்றாம் அங்கத்தில் ஏலத்திலிருந்து திரும்பி வந்து, வாங்கியது நான்தான் என்கிறார். வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துவந்த, சீமாட்டியின் வளர்ப்பு மகள் வார்யா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறாள். லோபாஹின் அதைப் பொறுக்குகிறார். ஜெயித்தவர்தான் குனிகிறார்! நான்காம் அங்கத்தில் அதே வார்யாவோடு அவரைத் தனியாக விடுகிறார்கள், கல்யாணப் பேச்சை எடுக்கட்டும் என்று. அவரோ குளிர் எத்தனை டிகிரி என்று பேசிவிட்டு, யாரோ கூப்பிட்டதும் ஓடிப்போகிறார்.

லோபாஹின் பாத்திரம்தான் நாடகத்தின் மையம் என்று செகாவே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நடிகரும் இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கி அதை ஏற்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் 1904-இல் மாஸ்கோவில் அரங்கேறியபோது ஸ்டானிஸ்லாவ்ஸ்கி நடித்தது சீமாட்டியின் அண்ணன் காயெவ் வேடத்தில். அவர்களுக்குள்ளேயே இப்படி என்றால் நீங்கள் சண்டை போடுவதில் தப்பே இல்லை. நான் லோபாஹின் கட்சி. ஆனால் ரனேவ்ஸ்கயாதான் நாயகி என்று ஒருவர் வாதாடினால் பதில் சொல்லத் திணறுவேன். வீட்டை இழந்து போவது அவர்தானே.

நாயகனே இல்லாத நாடகங்களும் உண்டு. இன்னொரு ரஷ்யர் கார்க்கியின் ‘அதல பாதாளம்’ அப்படித்தான். லூக்கா என்ற கிழவர் எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டு மூன்றாம் அங்கத்தோடு காணாமல் போகிறார். நான்காம் அங்கத்தில் மிச்சமிருப்பவர்கள் அவர் சொன்னது பொய்யா, தேவையான பொய்யா என்று பேசிக்கொள்கிறார்கள். அங்கே ஆளைத் தேடாமல், எல்லோரையும் குடையும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சரி, உங்கள் ஒன்பது பேருக்கு வருவோம். ஆளுக்கொரு தாள் எடுங்கள். மேலே, முதல் காட்சியில் அவருக்கு என்ன வேண்டும்; கீழே, கடைசிக் காட்சியில் என்ன வேண்டும். முக்கால்வாசித் தாள்களில் மேலும் கீழும் ஒன்றாகவே இருக்கும். எந்தத் தாளில் நடுவே அடித்துத் திருத்தித் திருத்தி எழுதவேண்டி வருகிறதோ, அந்த ஆளைக் கவனியுங்கள்.

அப்புறம் ஒன்று. கண்டுபிடித்ததை அந்த நடிகரிடம் சொல்லிவிடாதீர்கள். மறுநாளே மெல்ல மெல்ல நடு மேடைக்கு நகர்ந்து வந்துவிடுவார். என்னிடம் ஒருமுறை சொன்னார்கள். நகர்ந்தேன்.