அண்ணன் வாங்கி வரும் ரிப்போர்ட்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 38. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் கட்டுரைகளை பஸ்ஸில் போகும்போது படிப்பேன். சென்ற மாதம் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் மகள், "அம்மா, உன் கழுத்தில் ஏதோ ஏறி இறங்குகிறது" என்றாள். ஸ்கேன் எடுத்ததில் தைராய்டின் வலப்பக்கம் 2.1 சென்டிமீட்டரில் ஒரு கட்டி, டைராட்ஸ் 4 என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாக இருக்கிறது. அப்படியானால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமா? செவ்வாய்க்கிழமை ஊசி குத்தி எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்கிறார் மாமியார். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகைதான் காரணம் என்கிறார் கணவர். ரிப்போர்ட்டைத் தானே வாங்கி டாக்டரிடம் பேசிவிட்டு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். "நீ எதையும் படிக்காதே" என்கிறார். அதுவும் நல்லதுதான் என்று தோன்றுகிறது. திருவொற்றியூரில் இருக்கும் அம்மாவுக்கு பிரஷர் இருப்பதால் அவரிடம் சொல்லவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. இந்த ஒரு வாரத்தை எப்படிக் கடப்பது? மனத்தைத் திருப்ப ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

ச.

*

அன்புள்ள ச.,

வெகுநாட்களாக எழுத வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதத்தில் ஒரு வரி கிளறிவிட்டது. முக்கியம் என்று நினைத்து நீங்கள் எழுதிய வரி அல்ல அது. போகிற போக்கில் எழுதியது. அதற்கு வருமுன் மற்றவற்றைத் தீர்த்துவிடுகிறேன்.

ஊசி பட்டுக் கட்டி பரவும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மாமியாரிடம் வாதாடாதீர்கள். அவர் தலைமுறையில் கட்டி முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை, பழி ஊசிக்கும் கத்திக்கும் போய்ச் சேர்ந்தது. ஆலைப் புகை வேறு விஷயம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, அதே மாதம் அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்தச் சண்டையில் உங்கள் கணவர் சேர்ந்தால் மகிழ்வேன். ஆனால் தைராய்டுப் புற்றுக்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் சிறுவயதில் கழுத்தில் பட்ட கதிர்வீச்சும் குடும்பவழியும்தான். ரத்தப் பரிசோதனையை வைத்து இரண்டு பக்கமும் முடிவு கட்ட முடியாது. சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்லும். கட்டியின் குணத்தைச் சொல்லாது. புற்று இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் அளவு சரியாகவே இருக்கும்.

கழுத்தைத் தடவுவதை நிறுத்துங்கள். அமுக்கிப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஊசி குத்திய இடம் கன்றிப்போய் நோகும், அந்த நோவையே நோய் என்று நினைத்து விடியும்வரை விழித்திருப்பீர்கள்.

இனி உண்மையாகவே ஆறுதல் தரக்கூடியவை. தைராய்டில் கட்டி இருப்பது மிகச் சாதாரணம். ஸ்கேன் வைத்துத் தேடினால் பெரியவர்களில் ஏராளமானவர்களுக்கு ஏதாவது ஒன்று தென்படும், அவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. டைராட்ஸ் என்பது ஸ்கேனில் தெரிவதை வைத்துக் கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று எண்ணால் குறிக்கும் முறை. அதில் 4 என்பது நடுத்தரச் சந்தேகம். அந்த வகையில் 1.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஊசி போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், உங்கள் கட்டி தாண்டியிருக்கிறது, பார்த்தார்கள். அவ்வளவே. அந்த வகையிலும் பெரும்பான்மை புற்றாக இருப்பதில்லை. புற்றாகவே இருந்தாலும், தைராய்டுப் புற்றில் பெரும்பகுதி பாப்பிலரி என்ற மெதுவாக வளரும் வகை. அந்த வகைக்கு நிலை பிரிக்கும்போது மருத்துவர்கள் வயதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள்: 55 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு, நுரையீரல்வரை பரவியிருந்தாலும், இரண்டாம் நிலைக்கு மேல் எழுதுவதில்லை. உங்களுக்கு 38. தென்கொரியாவில் ஊரெல்லாம் ஸ்கேன் எடுக்கத் தொடங்கியதில் 1993-ஐ விட 2011-இல் தைராய்டுப் புற்று கண்டறியப்படுவது 15 மடங்கானது. அதனால் இறந்தவர்களின் விகிதம் மட்டும் மாறவே இல்லை. ஜப்பானில் கோபே நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பிலரிப் புற்றை அறுக்காமல், ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கும் வழக்கத்தை 1993-லேயே தொடங்கிவிட்டார்கள். உங்கள் கட்டி அதைவிடப் பெரியது, அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. ஆனால் நள்ளிரவில் கைபேசியில் நீங்கள் படிக்கும் பயங்கரங்களுக்கு நடுவே இதுவும் இருக்கட்டும்.

புத்தகமா? ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவரின் கண் ஒரே பக்கத்திலேயே நிற்கும். பாவம், அந்தப் புத்தகத்தையும் சேர்த்து வெறுத்துவிடுவீர்கள். கடையின் கணக்கையே பாருங்கள்.

இப்போது அந்த வரி. "அதுவும் நல்லதுதான் என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எது நல்லது? உங்கள் கழுத்தில் இருப்பது என்ன என்று உங்கள் அண்ணன் முதலில் தெரிந்துகொள்வதா? உங்களுக்கு எவ்வளவு தெரியலாம் என்று அவர் தீர்மானிப்பதா? ஒரு மொத்தக் கடையின் வரவு செலவை நம்பி ஒப்படைக்கலாம் என்று முதலாளி நினைக்கும் பெண், தன் உடம்பின் கணக்கை மட்டும் இன்னொருவர் பார்க்கட்டும் என்கிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது.

ராயபுரத்தில் என் அத்தை ஏலச்சீட்டு நடத்தினார். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீனும் கருவாடும் விற்ற பெண்கள்தான் அதில் பெரும்பாலும். அத்தைக்கு எழுதத் தெரியாது. யார் எடுத்தார்கள், யார் இன்னும் எடுக்கவில்லை, யார் எவ்வளவு தள்ளி எடுத்தார்கள், எல்லாம் சமையலறைச் சுவரில் கரிக்கோடுகளாக இருக்கும். எந்தக் கோடு யாருடையது என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஒரு முறைகூடக் கணக்கு பிசகியதாக யாரும் சொன்னதில்லை.

1984-இல் அவருக்கு வயிற்றில் கட்டி கண்டது. ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மருத்துவர் அத்தையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாமாவிடம் பேசினார். அடையாறுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர் அந்த அம்மையார். அவர் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தும், எங்கள் தெருவில் 'அடையாறு' என்றாலே குரல் தாழ்ந்துவிடும். அங்கே அழைத்துப் போனால் அத்தைக்குத் தெரிந்துவிடும் என்பதற்காகவே மாமா அழைத்துப் போகவில்லை. நன்றாகக் கவனியுங்கள்: பணம் இல்லாமல் அல்ல, வழி தெரியாமல் அல்ல. கடிதம் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. அத்தைக்கு 'அல்சர்' என்று சொல்லப்பட்டது. மிளகாயை நிறுத்தினார்கள், மோர் கொடுத்தார்கள்.

அந்த அக்டோபரில்தான் எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், பிறகு அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முதலமைச்சரின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று வானொலிச் செய்திக்காகத் தெருவே காத்திருந்தது. அத்தையும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார், வேண்டிக்கொள்வார். புரூக்ளின் மருத்துவமனையில் என்ன சிகிச்சை என்று அத்தைக்குத் தெரியும். தன் வயிற்றில் இருப்பது என்னவென்று தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, வாசலில் மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே வந்து சிரித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சீட்டுக்காரிகளும் உண்டு. அவர்களும் கணக்கைக் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

"தை பிறக்கட்டும், தெம்பு வந்ததும் சீட்டை முடித்துவிடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேர்தல் நடந்த மார்கழியிலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் சமையலறைச் சுவருக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். எடுத்தவர்கள் எடுக்கவில்லை என்றார்கள். எடுக்காதவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மகள் கல்யாணத்துக்கு என்று கட்டி வந்த ஒரு பெண் வாசற்படியை விட்டு எழவே இல்லை. மாமா பீரோவையும் தையல் மெஷினையும் விற்றுக் கொடுத்தார், பாதிக்குக்கூட எட்டவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு ரூபாய் பிசகாதவர் என்று பெயரெடுத்த அத்தையை அந்தத் தெரு அதற்குப் பிறகு 'சீட்டை முழுங்கிவிட்டுப் போனவள்' என்று சொன்னது. கணக்கை ஒப்படைக்க அவருக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்திருக்கும். அந்தச் சாயங்காலத்தைத்தான் அவரிடம் பாசமாக இருந்த எல்லோரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, நம் பண்பாடு வேறு, மேல்நாட்டுக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள், நம் மனம் தாங்காது என்பார். மேல்நாட்டு மனமும் தாங்காது என்றுதான் அங்கேயும் நினைத்தார்கள். 1961-இல் சிகாகோ மருத்துவர்களைக் கேட்டபோது 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் இன்னொரு அமெரிக்க ஆய்வில் அதே கேள்வியைக் கேட்டபோது 97 சதவீதத்தினர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் பண்பாடு மாறிவிடுமா? வழக்கம் மாறும். நம்முடையதும் வழக்கம்தான்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காகப் போய் மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. சுயநினைவுள்ள, வயது வந்த ஒருவருக்காக, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்று 2008-இல் தீர்ப்பு வந்தது. தாய்க்கே இல்லாத உரிமை அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது?

"என்னிடம் சொல்லாதீர்கள், என் மகனிடம் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்ளும் நோயாளிகளும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை, அதை மதிக்கிறேன். ஆனால் டைராட்ஸ் எண்ணையும் மில்லிமீட்டர் கணக்கையும் முன்பின் தெரியாத எழுத்தாளனுக்கு எழுதி அனுப்பும் நீங்கள் அந்த ரகம் இல்லை. உங்களை ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஊசிப் பரிசோதனையின் முடிவு 'ஆம், இல்லை' என்று வருவதில்லை. பெத்தஸ்டா என்று ஆறு வகையாகப் பிரித்து எழுதுவார்கள். இரண்டு என்றால் சாது. ஆறு என்றால் புற்று. ஐந்து பலத்த சந்தேகம். ஒன்று என்றால் செல்கள் போதவில்லை, மறுபடி குத்த வேண்டும். மூன்றும் நான்கும்தான் திண்டாட்டம். ஃபாலிக்குலர் வகைக் கட்டியில் அது புற்றா இல்லையா என்பது, கட்டியைச் சுற்றியுள்ள உறையைச் செல்கள் துளைத்து வெளியேறியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது, ஊசியில் வரும் செல்களில் அது தெரியாது. மறுபடி ஊசியா, பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பதா, பொறுத்திருப்பதா என்று பேச வேண்டியிருக்கும். பாதியை எடுத்தால் மாத்திரை இல்லாமலும் காலம் தள்ளலாம், முழுவதும் எடுத்தால் ஆயுள் முழுவதும் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அறுவைக்குப் பிறகு கால்சியம் குறையலாம். கதிரியக்க அயோடின் தேவைப்பட்டால் அதன் பிறகு சில மாதங்களுக்குக் கருத்தரிக்கக் கூடாது. இதில் எதை உங்கள் அண்ணன் உங்களுக்காக முடிவு செய்யப்போகிறார்? நல்லவர்தான், பாசக்காரர்தான், என் மாமாவும் அப்படித்தான். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது கூட வரட்டும். தாளில் முதலில் உங்கள் கண் படட்டும். முடிவில் சந்தேகம் இருந்தால் ஊசியில் எடுத்த செல்களைப் பூசிய கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள், வேறொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டலாம். ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம்தான். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் வழியில் வந்த ஆஸ்பத்திரி. என் பாட்டி கடைசிவரை 'கஞ்சித்தொட்டி' என்றுதான் சொன்னார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் உங்களுக்குச் செய்வதை நீங்கள் அம்மாவுக்குச் செய்துகொண்டிருக்கிறீர்கள், அது உங்கள் கண்ணில் படவில்லை. அவருக்கு பிரஷர் என்கிறீர்கள். உங்களிடம் "நீ எதையும் படிக்காதே" என்று அண்ணன் சொல்வதும் இதேபோலத்தான். அதோடு, மருத்துவருக்கு வேண்டிய ஒரு தகவல் அம்மாவிடம்தான் இருக்கிறது. தைராய்டுப் புற்றில் மெடுல்லரி என்று ஓர் அரிய வகை உண்டு, அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குடும்பவழியாக வருவது. உங்களுக்கு அதுவாக இருக்கும் என்று சொல்லவில்லை, அநேகமாக இருக்காது. ஆனால் தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது கழுத்தில் கட்டி இருந்ததா, கழுத்தில் ஆபரேஷன் நடந்ததா என்று மருத்துவர் கேட்பார். பெரியம்மா, சித்தி, பாட்டி பற்றியெல்லாம் அம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் போய்வாருங்கள். காலை பிரஷர் மாத்திரையை அவர் விழுங்கிய பிறகு கேளுங்கள். அந்த ஒரு சலுகையை மட்டும் அவருக்குத் தரலாம்.