வீல் நட் முதல் கிரவுன் வரை: வாசகர் கேள்வி பதில்

பத்து சக்கர லாரி வைத்திருக்கிறேன். பின் சக்கரத்தில் அடிக்கடி ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) முறிகிறது. ஸ்பேனரில் நீளமான பைப் செருகி, ஏறி மிதித்துத்தான் நட்டை இறுக்குகிறோம். அப்படியும் ஏன் முறிகிறது?
*லாரி உரிமையாளர், சங்ககிரி*

ஏறி மிதிப்பதும் ஒரு காரணம்தான். சக்கரத்தின் பாரத்தை ஸ்டட் தாங்குவதில்லை. நட் இறுகும்போது ஸ்டட் துளியளவு நீளுகிறது. அந்த இழுவிசை ரிம்மை ஹப்போடு (அச்சு முனையில் சுழலும் குடம்) அழுத்திப் பிடிக்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடிமானம். பிடி குறைந்தால் ரிம் ஹப்பின் மேல் அசையும். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஸ்டட் கொஞ்சம் வளைந்து நிமிரும், கடைசியில் களைத்து முறியும். மிதமிஞ்சி இறுக்கினாலோ ஸ்டட் நீண்டு, பழைய நிலைக்குத் திரும்பாமல், பிடிக்கும் வலுவை இழந்துவிடும். இரண்டிலும் முடிவு ஒன்றே.

எம்22 (22 மில்லிமீட்டர் மரை) அளவில், வாஷரோடு சேர்ந்த தட்டை நட் உள்ள பத்து ஸ்டட் சக்கரங்களுக்கு முறுக்கு சுமார் 600 நியூட்டன் மீட்டர் தேவைப்படும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 75 கிலோ எடையுள்ளவர் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் முழு எடையோடு நின்றால் 735 ஆகிவிடும். இரண்டு மீட்டர் பைப் என்றால் 1470. ஸ்டட் முறியாமல் என்ன செய்யும்?

இன்னொரு சங்கதி. கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 90 சதவீதத்தை மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வே தின்றுவிடுகிறது. மரையில் துரு இருந்தால் கைக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும், பிடி மட்டும் விழுந்திருக்காது. அதனால் கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துத் துடையுங்கள். ரிம்மும் ஹப்பும் ஒட்டும் முகத்தில் பெயிண்ட் கனமாக இருந்தால் சுரண்டி எடுங்கள். ரிம்முக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து உடனே மாட்டிய வண்டிகளில்தான் நட் அதிகம் தளர்கிறது. பெயிண்ட் நசுங்கி உதிர உதிர இடைவெளி விழும். தட்டை நட் வகைக்கு மரை நுனியில் ஒரு சொட்டும், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவே ஒரு சொட்டும் இன்ஜின் ஆயில் விடலாம். குழிந்த துளையில் உருண்டை முகத்தோடு உட்காரும் பழைய வகை நட்டுக்கு எண்ணெயே கூடாது.

எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி லேசாக இறுக்கி, கடைசிச் சுற்றை டார்க் ரெஞ்சால் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முடியுங்கள். ஏர் கன்னை ஏற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, மறுபடி டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். பலரும் விட்டுவிடுகிற வேலை இதுதான். நட்டிலிருந்து சிவப்பாகத் துரு வழிந்த கோடு தெரிந்தால் அந்த நட் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரு ஸ்டட் முறிந்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். அதன் பங்கைச் சுமந்த இருபக்கத்து ஸ்டட்டும் அடிவாங்கியிருக்கும், மூன்றையும் மாற்றுங்கள். ஒரே சக்கரத்தில் இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் பத்தையும் மாற்ற வேண்டும். துளை நீள்வட்டமாகிப்போன ரிம்மைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். வெல்டிங் வைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

ஜோடி டயரில் உள் டயர்தான் எப்போதும் வெடிக்கிறது. கட்டையால் தட்டிப் பார்த்துத்தான் கிளம்புகிறேன்.
*ஓட்டுநர், தூத்துக்குடி*

தட்டினால் சுத்தமாகக் காற்றிறங்கிய டயர் தெரியும். 120 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டியதில் 90 இருந்தால் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. உள் டயரின் வால்வு கைக்கு எட்டாததால் கேஜ் வைப்பதும் அபூர்வம். பிரேக் டிரம்மின் சூடு அதற்குத்தான் முதலில். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால் பாரமும் அதன் மேல் கூடுதலாகச் சாய்கிறது.

கணக்கைப் பாருங்கள். சட்டப்படி எட்டு டயர் உள்ள இரட்டை அச்சுக்கு 21 டன். ஒரு டயருக்கு 2625 கிலோ. சுவரில் 146/143 என்று சுமைக் குறியீடு அச்சிட்ட 10.00 ஆர் 20 டயர், ஜோடியாகப் போடும்போது தாங்குவது 2725 கிலோ. அதுவும் முழுக் காற்று இருந்தால். கையில் மிச்சம் வெறும் 100 கிலோ. ஜோடியில் ஒன்று காற்றிறங்கினால் மற்றது அதன் சுமையையும் ஏற்கும், அதோடு இரண்டின் ஆயுளும் போகும்.

உள் டயருக்கு வால்வு எக்ஸ்டென்ஷன் போட்டு, இரும்பு மூடி மாட்டி, வாரம் ஒருமுறை காலையில் வண்டி எடுக்குமுன் கேஜ் வையுங்கள். ஓடி வந்த டயரில் 15, 20 பி.எஸ்.ஐ கூடியிருப்பது இயல்பு. அதைப் பார்த்து பயந்து காற்றை இறக்காதீர்கள். ஆறியதும் அந்த அளவு குறைவாகிவிடும்.

ஜோடி சேர்ப்பதிலும் தவறு நடக்கிறது. இந்த அளவு டயர்களில் இரண்டின் விட்டமும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடக் கூடாது. சிறு வித்தியாசம் தவிர்க்க முடியாதென்றால் சிறியதை உள்ளே போடுங்கள். எஃகுக் கம்பி ரேடியலையும் நைலான் நூல் டயரையும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. குவாரிப் பக்கம் போய்வந்தால் இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

காற்றில்லாமல் ஓடிய ரேடியல் டயரில் திரும்பக் காற்றடிக்கும்போது வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
*பஞ்சர் கடை நடத்துபவர், கரூர் புறவழிச்சாலை*

உண்மை. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே எங்களுக்கு ஆறுதல். ரேடியல் லாரி டயரின் பக்கச் சுவரில் எஃகுக் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. காற்று குறைந்து ஓடும்போது அவை ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நைந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. காற்றடிக்கும்போது ஒரு கம்பி அறும், அடுத்தது அறும், ஒரு கணத்தில் சுவர் முழுதும் கிழியும். எதிரே நிற்பவர் உயிர் பிழைப்பது அரிது.

இருக்க வேண்டிய காற்றில் 80 சதவீதத்துக்குக் கீழ் இறங்கி ஓடிய எந்த டயரையும் வண்டியில் வைத்தபடியே நிரப்பாதீர்கள். கழற்றி, உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் சுருங்கியிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, சுவரை அமுக்கும்போது ஒரு இடம் மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ ஒதுக்கிவிடுங்கள். நல்லதாகத் தெரிந்தாலும் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வால்வில் தானாகக் கவ்வும் சக், மூன்று மீட்டர் ஹோஸ், ஹோஸின் மறுமுனையில் கேஜ் இருக்கட்டும். சுவருக்கு நேரே நிற்காதீர்கள். பட்பட்டென்று சத்தம் கேட்டால் கிட்டே போகாமல் காற்றை இறக்குங்கள்.

லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் வளையம்) உள்ள ரிம்முக்கும் கூண்டு கட்டாயம். நட்டைத் தொடுமுன் வால்வு பின்னைக் கழற்றி, ஜோடியின் இரண்டு டயரிலும் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். காற்றுள்ள டயரில் லாக் ரிங்கைச் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கடையில் வேலை பழகும் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்கிறது.
*வாசகி, நாமக்கல்*

உள்ளங்கையால் டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். வெளிப்பக்கமிருந்து உள்ளே தடவும்போது வழவழப்பாகவும், திரும்ப இழுக்கும்போது அரம் போலவும் இருந்தால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். மாறி இருந்தால் டோ-அவுட். ஆனால் அலைன்மென்டுக்கு விடுமுன் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் முளை), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை), வீல் பேரிங் மூன்றிலும் ஆட்டம் இல்லையென்று உறுதிசெய்யுங்கள். ஆடும் பாகத்தை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட் கடையை விட்டு வெளியே வந்ததும் கலைந்துவிடும். குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேரிங்கையும் பாருங்கள். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல்.

வண்டி கிளம்பும்போது அடியில் "டங்" என்று அடிக்கிறது. மூன்று மாதத்துக்குள் கிராஸ் (ஷாஃப்டை இணைக்கும் சிலுவை வடிவ மூட்டு) மாற்றியாகிவிட்டது. கிரீஸும் தவறாமல் அடிக்கிறோம்.
*டிப்பர் உரிமையாளர், திருச்செங்கோடு*

கிரீஸ் அடிப்பது வேறு, அது நான்கு பேரிங்குக்கும் போய்ச் சேர்வது வேறு. கிராஸின் நான்கு கப்பிலும் சீல் வழியே பழைய கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒன்றில் வரவில்லையென்றால் ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே அடியுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்தக் கப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி அடித்து, பிறகு உரிய முறுக்குக்கு இறுக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிராஸைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். மூன்றில் வந்துவிட்டதே என்று விட்டால் நான்காவது காய்ந்து முறியும். எக்ஸ்ட்ரீம் பிரஷர் வகை 2ஆம் எண் லித்தியம் கிரீஸ் போடுங்கள். தூசியிலும் சேற்றிலும் ஓடும் டிப்பருக்கு 3000, 4000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிப்பது நல்லது.

கழற்றிய கிராஸை எறிந்துவிடாதீர்கள், காரணம் அதில் எழுதியிருக்கும். காலில் ஊசி ஊசியாகப் பள்ளம் விழுந்திருந்தால் மிகுபாரம், அல்லது கிளட்சைச் சடாரென்று விட்டது, அல்லது கிரீஸ் பற்றாமை. கால் நுனி உரசித் தீய்ந்திருந்தால் அந்த முனைக்குக் கிரீஸ் போகவில்லை, அல்லது ஷாஃப்ட் கோணம் தவறு. பழுப்பாகத் துருத்தூள் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

டிப்பரில் இன்னொரு சந்தேகமும் உண்டு. ஷாஃப்டைக் கழற்றி மாட்டியபோது ஸ்லிப் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல்வரிசை இணைப்பு) ஒரு பல் மாறி உட்கார்ந்திருக்கலாம். ஷாஃப்டின் இருமுனை யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) காதுகளும், கம்பெனி அம்புக்குறி சொல்வது போல் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மாறினால் அதிர்வு புதுக் கிராஸையும் தின்றுவிடும். இனி கழற்றுமுன் பெயிண்ட்டால் குறி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்லைனுக்குக் கிரீஸ் அடிக்கும்போது மூடியிலுள்ள சிறு துளையில் கிரீஸ் தெரிந்ததும் துளையை விரலால் அடைத்து, சீல் பக்கம் வரும்வரை தொடருங்கள். ஷாஃப்டின் நடுவைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போது எர்த்தை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வையுங்கள். கரண்ட் பேரிங் வழியே பாய்ந்தால் உருளைகளில் பொரிந்த புள்ளிகள் விழும்.

சீல் மாற்றியும் பின் டிரம்மில் கிரவுன் ஆயில் (பின் அச்சின் கியர் ஆயில்) கசிகிறது.
*மெக்கானிக், விருதுநகர்*

ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரை (காற்றுப்போக்கி) கழற்றி ஊதிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் சூட்டில் விரியும் காற்றுக்கு வேறு வழியில்லை, புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் பிரேக் லைனருக்கு வரும். ஆயில் நனைந்த லைனரைக் கழுவிப் போடக் கூடாது, அந்த அச்சின் இருபக்கமும் மாற்றுங்கள். ஆயில் அளவு, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும், விரல் விட்டால் எட்டுகிறது என்பது அளவல்ல. ஜி.எல்.5 தர கிரவுன் ஆயிலைக் கையேடு சொல்லாமல் கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள், சில கலவைகள் சிங்க்ரோ (கியர் எளிதாக மாற உதவும் வளையம்) பித்தளையை அரிக்கும்.

ஹப் நிறைய கிரீஸ் திணிப்பது நல்லதா?
*ஓட்டுநர், ஓசூர்*

கெடுதல். பேரிங்கின் உருளைகளுக்கு நடுவே உள்ளங்கையால் அழுத்தி ஏற்றிய கிரீஸ்தான் வேலை செய்யும். ஹப் குழியை அடைத்து நிரப்பினால் சூடு வெளியேறாது, உருகிய கிரீஸ் சீலைத் தாண்டி டிரம்முக்குப் போகும். குழியின் சுவரில் பேரிங் உயரத்துக்கு ஒரு பூச்சு போதும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங்கை முழுதாகக் காயவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். வேறு வகைக் கிரீஸோடு கலந்தால் சில நேரம் இளகி ஓடிவிடும்.

ஹப் பேரிங் நட்டை வைக்கும் முறை: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சுமார் 270 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஒரு முழுச் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிக்கொண்டே 70க்கு இறுக்கி, கால் சுற்று தளர்த்திப் பூட்டுங்கள். கையேட்டில் வேறு முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். டயல் கேஜில் ஆட்டம் 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். கேஜ் இல்லாத இடத்தில், ஜாக்கி போட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன் சக்கரம் ஆடினால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.