வேலியோரம் கிலுகிலுப்பை போடலாமா?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறேன். வேலியோரச் செம்மண் கொஞ்சம் சும்மா கிடக்கிறது. வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும் நாட்டுப் பூச்செடி ஏதாவது விதைக்க ஆசை. கிலுகிலுப்பை போடலாமா? வீட்டில் கறவை மாடும் உண்டு.

பதில்: தாராளமாகப் போடலாம். தண்ணீர் தேங்காத உங்கள் செம்மண் அதற்குத் தோதானது. ஆனால் மாடு இருப்பதால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

இது சணப்பையின் சொந்தக்காரச் செடி. இலை நுனி லேசாக உள்வாங்கியிருக்கும். மஞ்சள் பூவின் பெரிய இதழில் செம்பழுப்புக் கோடுகள் ஓடும். முற்றிய காயை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்.

விதைத்தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, புரட்டாசிக் கடைசியில் மழை ஈரத்தில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். வேர்முடிச்சே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், யூரியா வேண்டாம்.

பலர் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். பூ முடிந்ததும் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சி வகையறாவின் ஆண்பூச்சிகளுக்கு வாடிய இலையும் காயும்தான் முக்கியம். வாடிய இலையில் வரிசையாக உட்கார்ந்து, உறிஞ்சுகுழலை நீட்டி அதன் காரச்சத்தை (ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருளை) எடுக்கும். பெண்பூச்சியை ஈர்க்கும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. அதனால் காய்ந்து வரும் செடியை அப்படியே நிற்க விடுங்கள். வெந்தய வரியனின் புழு தின்பது எருக்கிலையை. வேலியில் எருக்கு முளைத்திருந்தால் அதையும் வெட்ட வேண்டாம். காயில் கறுப்பு வெள்ளைப் புழு தெரிந்தால் அது ஓர் அந்துப்பூச்சியின் குஞ்சு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, மாட்டு விஷயம். பூச்சிக்கு உதவும் அதே சத்து மாட்டின் ஈரலைக் கெடுக்கும். விதையில் அது அதிகம், காய்ந்த செடியிலும் போகாது. மேய்ச்சல் பக்கம் விதைக்காதீர்கள். வைக்கோல், தீவனத்தோடு இது கலக்கவே கூடாது. கோழி இருந்தால் விதை சிந்தும் இடத்தை அண்டவிடாதீர்கள். ஓரிரண்டு செடியை மட்டும் விதைக்கு விட்டு, மற்ற செடிகளில் காயை மட்டும் முற்றிக் காயும் முன்பே பறித்துப் புதைத்துவிடுங்கள், செடி நிற்கட்டும்.

இன்னொன்று, முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிப்பீர்கள். அந்த மருந்து காற்றில் வந்து படாத மூலையாகப் பார்த்து விதையுங்கள்.