மூன்று வயதில் செய்த ஆபரேஷன், இருபத்து மூன்றில் ஏன் தொல்லை தருகிறது?

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே சிறுநீர்த் துளை கீழே தள்ளி இருந்தது. 3 வயதில் ஆபரேஷன் செய்தோம். நன்றாகத்தான் இருந்தான். இப்போது 23 வயது. ஒரு வருடமாகச் சிறுநீர் நூல் மாதிரி வருகிறதாம். போய் வந்த பிறகும் சொட்டி, பேன்ட் நனைகிறது. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இது ஆண்மைக் குறைவா?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: இல்லை அம்மா. உயிரணு உண்டாவது விரையில். இந்தச் சிறுநீர்க் குழாயில் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிறுநீர்ப் பாதை சுருங்கியிருக்கிறது என்றே தோன்றுகிறது. அன்றைக்கு அங்கிருந்த தோலையே குழாய் மாதிரித் தைத்திருப்பார்கள். வயதுக்கு வரும்போது உறுப்பு வளரும், தையல் தழும்பு அப்படி வளராது. வருடக்கணக்கில் மெல்ல இறுகும். 20 வருடம் கழித்தும் தொல்லை வருவது அதனால்தான்.

இதை அன்றே உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதில்லை. பையன் வளர்ந்ததும் குழந்தைகள் பிரிவு கைகழுவிவிடுகிறது. பெரியவர்கள் பிரிவிலோ பழைய சீட்டு எங்கே என்று அதட்டுகிறார்கள். 20 வருடத்துச் சீட்டை எந்த வீட்டில் வைத்திருப்பார்கள்? சீட்டு இல்லையென்று கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்குக் கிட்டத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) வெளிநோயாளிப் பிரிவான ஓபிக்குப் போகட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போகட்டும். முதலில் யூரோஃப்ளோ என்ற சோதனை. நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்டியதும் புனல் வைத்த மெஷினில் போக வேண்டும், அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை. காகிதத்தில் கோடு குன்று மாதிரி ஏறி இறங்கினால் நல்லது. மேலே ஏறாமல் தட்டையாக நீண்டுகொண்டே போனால் அடைப்பு. அப்புறம் ஸ்கேன், மருந்து ஏற்றி எக்ஸ்ரே.

இரண்டு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒருமுறை வரும் ‘ஆண்மை’ வைத்தியர் தரும் லேகியம் எந்தத் தழும்பையும் இளக்காது. ஆஸ்பத்திரி வாசலில் வந்து ஒட்டிக்கொள்ளும் புரோக்கர் கூட்டிப்போகும் இடத்தில் கம்பி விட்டு அகலப்படுத்துவார்கள். ஒரு மாதம் நன்றாகப் போகும், மறுபடி சுருங்கும், மறுபடி பணம். கம்பி பட்டுப் பட்டுத் தழும்பு இன்னும் தடிக்கும். இப்படி ஆறேழு முறை போய்விட்டு, தாலிச் சங்கிலி அடகுக்குப் போன பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். திடீரென ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு கல்லாக உப்பினால் ஓபி நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். ‘சின்ன வயதில் இந்தப் பாதையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்று முதலில் சொல்லுங்கள். தெரியாமல் டியூபை அழுத்திச் செலுத்தினால் பாதை கிழியும். தொப்புளுக்குக் கீழே சின்னத் துளையிட்டுச் சிறுநீரை எடுத்துவிட முடியும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலும் இதே அவசரம்தான்.

துளை மட்டும் சுருங்கியிருந்தால் சின்ன ஆபரேஷன் போதும். நீளமாகச் சுருங்கியிருந்தால் கன்னத்தின் உட்பக்கச் சவ்வை எடுத்துப் புதுப் பாதை அமைப்பார்கள். அதை இரண்டு கட்டமாகச் செய்தால் இடையில் 6 மாதமாவது ஆகும். கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன் அந்த மெஷினில் ஒருமுறை போய்விட்டு வரட்டும்.