ஹெட்செட் லேபில் இருக்கட்டும், வகுப்புக்கு அட்டை போதும்

கேள்வி: ஐயா, சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாண்டுக்கு அடிப்படை மின்னியல் எடுக்கிறேன். செக்‌ஷனுக்கு 60 பேர். பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் எல்லோர் கண்ணும் மேஜைக்கு அடியில் இருக்கும் போனுக்குப் போய்விடுகிறது. நிர்வாகம் 20 வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறொரு இடத்தில் நிற்பது போலக் காட்டும் கருவி, வாங்கி, வாரம் ஒரு வகுப்பு அதில்தான் நடத்த வேண்டும் என்கிறது. அசைன்மென்ட்டை எல்லாம் சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. நான் எதைப் பிடிப்பது, எதை விடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, ஹெட்செட்டை வகுப்பறைக்குக் கொண்டுவராதீர்கள். 20 பேர் மாட்டிக்கொண்டால் 40 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரிகிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, முகமே தெரியாதே! மக்ரான்ஸ்கி, மேயர் முதலானோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் துறைத் தலைவருக்கு (எச்.ஓ.டி.) காட்ட உதவும். 52 பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் அறிவியல் ஆய்வகப் பாடத்தைக் கணினித் திரையிலும் ஹெட்செட்டிலுமாகப் படித்தார்கள். ஹெட்செட்டில் படித்தபோது அந்த ஆய்வகத்துக்குள்ளேயே நிற்பது போன்ற உணர்வு கூடியது. ஆனால் கற்றது குறைந்தது.

உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 60 பேரில் யாருக்குப் புரியவில்லை என்பது பாடம் நடக்கும்போதே உங்களுக்குத் தெரிவதில்லை. இன்டர்னல் தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூருக்கும் இதேதான் நடந்தது. அவருடைய மாணவர்கள் மின்சுற்றில் கரன்ட், வோல்டேஜ் கணக்கிட உதவும் கிர்க்காஃப் விதியை வைத்து இரண்டு லூப் கணக்கை மளமளவென்று போட்டுவிடுவார்கள். பல்புக் கேள்வி கேட்டால் தடுமாறுவார்கள்.

அந்தக் கேள்வியை நாளைக்கே உங்கள் வகுப்பில் போட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி மூன்று பல்புகள், ஒரு பேட்டரியோடு தொடராக. மூன்றாவது பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சை மூடினால் முதல் இரண்டு பல்புகளின் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?

1991-லிருந்து மசூர் வகுப்பை இப்படித்தான் நடத்தினார். கேள்வியைப் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை கொடுக்க வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விடையைச் சொல்லமாட்டார், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்வார். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து மறுபடி விடை கேட்பார். சரியான விடை பெரும்பாலும் கூடியிருக்கும். 30-க்கும் கீழே என்றால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும், வாதாட விட்டுப் பயனில்லை. ஒன்றை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன்: அந்த மூன்று நிமிஷமும் தமிழில் பேச விடுங்கள். எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பயந்து மூன்று மாதமாக வாயே திறக்காத பையன், பக்கத்தில் இருப்பவனிடம் ‘டேய், சுவிட்சை மூடினா கரன்ட் அது வழியாத்தான் போகும், பல்புக்குள்ள ஏன் போகுது?’ என்று கேட்பதை நீங்களே கேட்கலாம்.

விடை வாங்க ‘பிளிக்கர்ஸ்’ அட்டை போதும். இணையத்தில் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். ஏ, பி, சி, டி-யில் எது விடையோ அந்தப் பக்கம் மேலே வருமாறு மாணவர் பிடிக்க வேண்டும். உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றினால் யார் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். மாணவர்களுக்குப் போனும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். கட்டம் ஆளுக்கொன்று என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் சிரமம். பளபளப்பாக லேமினேட் செய்துவிடாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. கஹூட் மாதிரியான வினாடி வினா செயலிகள் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சட்டென்று அமுக்குகிறவனுக்குப் புள்ளி கூடுதல் என்றால் நிதானமாக யோசிக்கிறவன் ஒதுங்கிவிடுவான்.

விடையை நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம், பரிசோதனையைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் ‘ஃபெட்’ சிமுலேஷனில் காட்டுங்கள். கார்ல் வீமன் 2001-ல் நோபல் பரிசு வாங்கியவர். மறு வருஷமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். இலவசம், போனிலேயே திறக்கும். மின்சுற்றுப் பகுதியில் பேட்டரி, ஒயர், பல்பை விரலால் இழுத்துக் கோத்தால் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடுவது தெரியும். சுவிட்சை மூடியதும் மூன்றாவது பல்பு அணைந்து மற்ற இரண்டும் பிரகாசமாகும். எவனாவது பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்தால் திரையில் தீப்பிடித்து எரியும். செய்யாமல் இருக்கமாட்டான், செய்யட்டும். மேஜைக்கு அடியில் இருந்த போன் மேஜைக்கு மேலே வருகிறதே.

ஹெட்செட்டை என்ன செய்வது? லேப் நேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள். துணை மின்நிலைய ஸ்விட்ச்யார்டு, ஓடும் மோட்டாரின் உட்புறம் என்று நேரில் கூட்டிப்போக முடியாத இடத்துக்கு மட்டும், ஒரு பேட்ச் அதைப் பார்க்கட்டும், மற்ற பேட்ச் வழக்கமான பரிசோதனையைச் செய்யட்டும். கழற்றியதும் பார்த்ததைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். வரையாவிட்டால் அது பொருட்காட்சி பார்த்த கதைதான்.

வீட்டில் எழுதிவரும் அசைன்மென்ட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு அந்தத் தாளை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். ரெக்கார்டில் கையெழுத்து வாங்க வரும்போது அதே சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரை மாற்றிப் போட்டு, ‘இப்போது கரன்ட் என்ன ஆகும், ஏன்?’ என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். மாணவர் ஃபீட்பேக்கில் உங்கள் மார்க் முதலில் இறங்கலாம். ஹார்வர்டிலேயே 2019-ல் லூயி டெலோரியே குழுவினர் பார்த்தது இது: தாங்களே மண்டையை உடைத்துக்கொண்ட வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் சரளமான லெக்சரில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். ஆகவே செமஸ்டரின் முதல் வாரமே இதை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். முதல் இன்டர்னலில் பல்புக் கேள்வி போல இரண்டு கேள்வி வைத்து, அதற்கு வந்த மதிப்பெண்ணையும் ஃபீட்பேக் தாளோடு சேர்த்து எச்.ஓ.டி. மேஜையில் வையுங்கள்.